எண்பதில் நின்ற முள்

விபத்து நடந்த அன்று சாயங்காலத்துக்குள் அகோலிடோக் கடைத்தெரு முழுவதும் ஒரே எண்தான் சுற்றி வந்தது: எண்பது. வாடகைக்கு ஆள் ஏற்றும் ஓமோடிங்கின் பைக் சாலையோரம் சாய்ந்து கிடந்தபோது அதன் வேகமானி முள் எண்பதில் நின்றதை நாற்பது பேர் பார்த்தார்கள். பார்க்காத நானூறு பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். போலீஸ்காரரும் குனிந்து பார்த்து, எண்பது என்று எழுதிக்கொண்டு போனார். மதியம் ஒரு மணி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், பள்ளிக்கூட வாசல். பைக் இடித்துத் தள்ளியதில் ஏழு வயது அபோலோட் மதகுச் சுவரில் தலை மோதி அங்கேயே போய்விட்டாள். இதற்கு மேல் அந்தப் பையனுக்காகப் பேச யாருக்கு வாய் வரும்?

அந்த முள் இரண்டு வருடமாக எண்பதில்தான் நிற்கிறது. பைக் ஓடினாலும் எண்பது, மாமரத்தடியில் தூங்கினாலும் எண்பது. இது வாடகை பைக் ஸ்டேண்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் பைக்காரனுக்குப் பைக்காரன் சொல்லும் சாட்சியைப் போலீஸ் ஸ்டேஷனில் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஊரார் அடித்து உடைத்த வலது கையுடன் ஓமோடிங் லாக்கப்பில் கிடந்தான். போனவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினான்: "நாப்பதுதான் போனேன். நாப்பதைத் தாண்டவே இல்ல."

அவன் சொல்வது உண்மை என்று அடித்துச் சொல்லக்கூடியவர் அவனுடைய தாய்மாமன் எஜோக்கு ஒருவர்தான். முள்ளை அந்த இடத்தில் நிறுத்தியவரே அவர்தானே.

எஜோக்கு மெக்கானிக். ஊரே அவரை 'ஃபுண்டி' என்றுதான் கூப்பிடும். கைவேலைக்காரனுக்கு அந்தப் பக்கம் அதுதான் பேர். வயது ஐம்பத்தொன்று. மாமரத்தடியில் ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு, தொங்கும் பழைய டயர் ஒன்று, இவ்வளவுதான் பட்டறை. அப்பாவின் மாடுகளையெல்லாம் கொள்ளைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போன வருடம், மேய்க்க ஒன்றும் இல்லாமல், மிஷன் சாமியாரின் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனார். துடைத்துத் துடைத்துக் கழற்றக் கற்றுக்கொண்டார். எஞ்சின் விஷயத்தில் கெட்டிக்காரர். வண்டி தெருமுனையில் வரும்போதே எந்த வால்வு கத்துகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வேகமானியை மட்டும் அவர் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. "வேகம் காதுக்குத் தெரியும். கண்ணுக்கு எதுக்குடா கடிகாரம்?" என்பார்.

அந்த அலட்சியத்தில்தான் ஓமோடிங்கின் முள் செத்தது. இரண்டு வருடம் முன்பு, முள் நடுங்குகிறது, உள்ளே டிக்டிக் என்று சத்தம் வருகிறது என்று பையன் வந்து நின்றான். முன் சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளை உருவித் துடைத்து, கீழ்ப்பாதிக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவி, மேல் நுனியை ஈரமில்லாமல் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எஜோக்கு சோடா பாட்டிலில் வைத்திருந்த பழைய எஞ்சின் ஆயிலை மேலிருந்து தாராளமாக ஊற்றினார். எண்ணெயைக் கொண்டு தீராத நோய் எது என்பது அவர் கட்சி. சுழலும் கேபிள் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டருக்குள் ஏற்றிவிட்டது. செம்புழுதியும் அதுவும் சேர்ந்து பிசினாகி, ஒரு நாள் முள் எண்பதுக்குத் தாவி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"மாமா, வண்டி நிக்கும்போதே எண்பதுல போகுது."

"போகட்டுமே. பெட்ரோலா குடிக்குது? பின்னால உக்கார்றவன் பயந்து கெட்டியா பிடிச்சுக்குவான். விழமாட்டான்."

ஸ்டேண்டே சிரித்தது. வண்டிக்கு 'எண்பது' என்று பேரும் வைத்தார்கள். பட்டறைக்கு எதிரே மரவள்ளிக்கிழங்கு பொரித்து விற்கும் அசெகென்யேயின் மகள்தான் அபோலோட். பள்ளிக்கூடம் விட்டதும் நிறுத்தி வைத்த அந்த வண்டிமேல் ஏறிக்கொள்வாள். கைப்பிடியை முறுக்கி, வாயாலேயே எஞ்சின் ஓட்டி, "அம்மா பாரு, நான் எண்பதுல போறேன்!" என்று கத்துவாள். எஜோக்கு பழைய பேரிங் குண்டு ஒன்றை அவள் கையில் போட்டு இறக்கிவிடுவார்.

எஜோக்குக்கு இன்னொரு கட்சியும் உண்டு. முன் பிரேக் ஆளைத் தின்னும் என்பது அது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய தம்பி எமாரு பத்தொன்பது வயதில் மணல் ரோட்டில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துத் தலைகீழாகப் போய் விழுந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர் எஜோக்கு. தம்பியின் கழுத்து திரும்பிக் கிடந்த விதத்தை அவரால் ஒரு நாளும் மறக்க முடியவில்லை. மணலில் பிடித்த விதம் தப்பு என்று சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அன்று முதல் தன் கைக்கு வந்த ஒவ்வொரு வண்டியிலும் முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் மாட்டினார். கைப்பிடியும் வயரும் பார்வைக்கு அப்படியே இருக்கும். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தால் பிரேக் இருக்கிற மாதிரித்தான் தெரியும். எடுத்த ஷூ பின் சக்கரத்துக்கும் பொருந்தும் என்பதால் ஓட்டுகிறவனுக்கும் சந்தோஷம்.

போகப் போக அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஸ்டேண்டுக்குப் புதிதாக வருகிறவன் தன் வண்டியை மாமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வருவான். எஜோக்கு ஷூவைக் கழற்றி மரத்தில் அடித்த ஆணியில் மாட்டுவார். "என்ன எடுத்தேன்?" என்று கேட்பார். "எமன் கையை எடுத்தீங்க!" என்று எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். பிறகு ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழாயில் கேழ்வரகுக் கள் உறிஞ்சுவார்கள். அது நடந்தால்தான் அவன் ஸ்டேண்டில் ஆள்.

விபத்து நடந்த நாலாம் நாள், மாவட்டத் தலைமையகத்திலிருந்து வாகன இன்ஸ்பெக்டர் அமோங்கின் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எஜோக்கு ஸ்பேனர் சாவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். எதிர்க்கடை அடுப்பு நாலு நாளாக எரியவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தார்.

அமோங்கின் நாற்பது வயதுக்காரி. மூக்குக்கண்ணாடி, நிறம் போன கோட்டு. ஸ்டேஷன் முற்றத்தில் நசுங்கிய பைக் முன் குந்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்த எண்பது பொய். முள்ளு ரெண்டு வருஷமா செத்துக் கிடக்கு. கழட்டிக் காட்டட்டுமா?"

"நீங்க யாரு?"

"மெக்கானிக். பையனோட தாய்மாமன்."

"மாமன் வேற எப்படிச் சொல்வாரு? மோதின அதிர்ச்சியிலதான் முள்ளு நின்னிருக்கும். நாங்க எத்தனை வண்டி பாத்திருக்கோம்."

"பாத்திருப்பீங்க. இதையும் பாருங்க."

அவள் நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்தாள். "என் கண் முன்னால. ஒவ்வொண்ணா. நான் சொல்லாம எதையும் தொடக்கூடாது."

எஜோக்கு மீட்டரின் கண்ணாடியை நெம்பி எடுத்தார். உள்ளே கறுப்புப் பிசின், அதன்மேல் செம்புழுதி. விரல் நுனியால் முள்ளைத் தொட்டார், அசையவில்லை. "பாருங்க, ஒட்டிப்போயிருக்கு."

"அழுக்கா இருக்கு. அழுக்கு இருந்தா ஓடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது? போன வாரம்கூட ஒட்டியிருக்கலாம்."

மீட்டருக்குப் பின்னால் இருந்த திருகைத் தளர்த்திக் கேபிள் நுனியை வெளியே இழுத்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி முன் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். சக்கரம் சுற்றியது. கேபிள் நுனி சும்மா இருந்தது.

"விபத்துல அறுந்திருக்கும்," என்றாள் அவள்.

உள்கம்பியை மேலிருந்து உருவினார். முழுசாக, ஓர் இழைகூட அறாமல் வந்தது. ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்திருந்தது. நாள்தோறும் சுழலும் கம்பி அப்படி ஒரே பக்கத்தில் துருப்பிடிக்காது. அமோங்கின் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முதல் தடவையாக முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

"சரி. கம்பி அறுபடல. மேல முள்ளு ஒட்டியிருக்கு. சக்கரம் சுத்தினா கம்பி சுத்தல. அப்போ கோளாறு?"

"சக்கரத்துக்குள்ள ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கு மேடம். அதுதான் கம்பியைச் சுத்தும். மீட்டர் இறுகினதும் கம்பி இறுகி, அந்தப் பல்லு மழுங்கிப் போயிருக்கும். அது ஒரு நாள்ல மழுங்குற சமாச்சாரம் இல்ல."

"திறங்க."

எஜோக்கு அச்சாணியில் சாவியைப் போட்டார். அப்போது அவர் மனதில் பயமே இல்லை. பையனை வெளியே கொண்டு வந்துவிட்டோம் என்ற நினைப்புத்தான். சக்கரம் கழன்றது. மூடித் தட்டைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பல்சக்கரம் வழுவழுவென்று, சப்பிப்போட்ட மாங்கொட்டை போல இருந்தது. உதிர்ந்த தூள் பழைய கிரீஸில் கல்லாக இறுகியிருந்தது.

அமோங்கின் நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். எழுதியதைச் சத்தமாகவும் படித்தாள்: "வேகமானி விபத்துக்கு வெகு நாள் முன்பே பழுது. எண்பது என்ற கணக்கு செல்லாது." சக்கரம் தேய்த்த தடம் மதகுவரை பதினாலு தப்படி என்று முன்பே அளந்து வைத்திருந்தாள். அதையும் பார்த்து, "நாப்பது, நாப்பத்திரண்டு. பையன் பொய் சொல்லல," என்றாள்.

எஜோக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாமி காப்பாத்துச்சு," என்றார்.

அவள் தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். "ஷூ எங்க?"

"எந்த ஷூ?"

"பிரேக் ஷூ. ரெண்டு இருக்கணுமே. எங்க?"

"அதை நான் எடுத்துட்டேன் மேடம். முன் பிரேக் ஆளைத் தின்னும். என் தம்பியே..."

அவர் தம்பி கதையைச் சொல்லி முடிக்கும்வரை அமோங்கின் பொறுமையாகக் கேட்டாள். பிறகு எழுந்து, முற்றத்து மண்ணில் செருப்பு நுனியால் ஒரு கோடு போட்டாள். அங்கிருந்து பத்துத் தப்படி நடந்து இன்னொரு கோடு. மேலும் நாலு தப்படி நடந்து நின்றாள்.

"நாப்பதுல வர்ற வண்டி. முதல் கோட்டுல பிரேக் போடுறான். ரெண்டு பிரேக்கும் இருந்தா அந்த ரெண்டாவது கோட்டுக்குள்ள நின்னிருக்கும். பின் பிரேக் மட்டும்தான். அதனால இங்க வந்தான். புள்ள இங்க நின்னுது." அவள் குரலில் கோபமே இல்லை. "நாலு தப்படி, ஃபுண்டி."

எஜோக்கு அந்த நாலு தப்படி மண்ணைப் பார்த்தபடி நின்றார். முப்பது வருடமாக ஆட்களைக் காப்பாற்றி வருவதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"இது ஓட்டினவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அமோங்கின். "தெரிஞ்சே பிரேக் இல்லாத வண்டியை ஓட்டியிருந்தா, வேகத்தைவிடப் பெரிய குத்தம் அது. யோசிச்சுச் சொல்லுங்க."

எஜோக்கு யோசிக்கவில்லை. "தெரியாது. அவனுக்குச் சொல்லாமதான் எடுத்தேன். தப்பு என்னோடது. என்னை எழுதிக்குங்க."

வாழ்நாளில் வேலை விஷயமாக அவர் சொன்ன முதல் பொய் அது. அவள் கண்ணாடிக்கு மேலாக அவரை வெகு நேரம் பார்த்தாள். நம்ப ஆசைப்பட்டாள் என்றுதான் தோன்றியது. ஆனாலும் வேலை வேலைதானே. கான்ஸ்டபிளை அனுப்பி ஓமோடிங்கைக் கூட்டி வரச் சொன்னாள்.

கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி பையன் வந்தான். மாமாவையும் பிரித்துப் போட்ட சக்கரத்தையும் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எஜோக்கு கண்ணைக் காட்டினார், தலையை அசைத்தார். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"தம்பி, முள்ளு பழுதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் அமோங்கின். "முன் பிரேக் எப்படி? நல்லா பிடிக்குமா?"

தன்னை ஒழுங்கான ஓட்டி என்று காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்ததாக நினைத்துவிட்டான் அந்த அப்பாவி. "முன் பிரேக்கா? நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல மேடம். முன் பிரேக் ஆளைத் தின்னும். ஸ்டேண்டுக்கு வந்த மொத நாளே மாமாகிட்ட நானே தள்ளிட்டு வந்து எடுக்கச் சொன்னேன். வேணும்னா எல்லாரையும் கேளுங்க. என்ன எடுத்தேன்னு மாமா கேப்பாரு, எமன் கையைன்னு நாங்க சொல்லுவோம்." சொல்லிவிட்டு, "அப்படித்தானே மாமா?" என்று சிரித்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு அந்தச் சத்தத்தைப் போடக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார்.

அமோங்கின் எழுதினாள். அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"என்னையும் எழுதுங்க," என்றார் எஜோக்கு. "கழட்டின கை இது."

"எந்தப் பிரிவுல எழுதுறது? ஓட்டுறவன்தான் வண்டிக்குப் பொறுப்பு. உங்களுக்குப் போர்டு இல்ல, லைசென்ஸ் இல்ல, மரத்தடிதான் விலாசம். சட்டத்துக்கு உங்களைத் தெரியாது, ஃபுண்டி. வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்குப் போகவில்லை. எதிர்க்கடைக்குப் போனார். அசெகென்யே அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பேர் சொல்லித்தான் அந்த ஊரில் கூப்பிடுவார்கள். ஏழு வருடமாக 'அபோலோட் அம்மா' என்றே அழைத்த வாய், இப்போது எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றது.

"வா ஃபுண்டி," என்றாள் அவளே. "மருமவனை மீட்டுட்டியா?"

அவர் மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் ஊற்றியது, முள் நின்றது, ஷூவைக் கழற்றியது, பொய் சொன்னது, நாலு தப்படி. ஒன்றையும் மென்று விழுங்கவில்லை.

"அது எண்பது இல்லன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "எம் புள்ளதான் தினம் அது மேல உக்காந்து எண்பதுன்னு கத்துமே. நிக்கிற வண்டியில. எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் எண்பது எண்பதுன்னு சொன்னப்ப நான் வாயைத் திறக்கல. எண்பதுல வந்தா யாரு என்ன பண்ண முடியும்? இடி விழுந்த மாதிரின்னு நெனச்சுக்கலாம். நாலு தப்படின்னு சொல்றியே, இதை நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

அவர் அழுதார். அவள் அழவில்லை, எழுந்தாள். "வா. காட்டு."

பள்ளிக்கூட வாசல் தார்ச் சாலையில் டயர் தடம் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. தடம் ஆரம்பிக்கும் இடத்திலிருந்து எஜோக்கு பத்துத் தப்படி நடந்து, செங்கல் துண்டால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அசெகென்யே அந்தக் கோட்டிலிருந்து மதகுவரை தானே நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. திரும்பி வந்து மறுபடி நடந்தாள். அவர் தடுக்கவில்லை, தடுக்க அவருக்கு என்ன யோக்கியதை?

பைக் ஒன்று அவர்களைக் கடந்து போனது. பின்னால் சீருடையில் மூன்று பிள்ளைகள், ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்தபடி. ஓட்டியவன் எஜோக்கைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான்.

"அவனுக்கு முன் பிரேக் இருக்கா?"

"இல்ல."

"எத்தனை வண்டி?"

"ஸ்டேண்டுல பத்து. பத்துலயும் இல்ல."

"போய் மாட்டு."

அவர் அன்றைக்கே போனார். துக்கத்தில் மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள் ஸ்டேண்டில். "நீங்கதானே ஃபுண்டி எமன் கைன்னு சொன்னீங்க? இப்ப எமனுக்கே கையை ஒட்டச் சொல்றீங்களே!" என்று சிரித்தார்கள். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் முதல் மாதத்தில் இரண்டே பேர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் மறுவாரமே தானாகக் கழற்றி எறிந்துவிட்டான். முப்பது வருடமாக ஊட்டியது அவ்வளவு சுலபத்தில் இறங்குமா? மழைக்காலம் முடிவதற்குள் ஓமோடிங்குக்கு நாலு வருடம் தீர்ப்பானது. கோர்ட்டிலும் அவன் அதே எமன் கை கதையைத்தான் சொன்னான் என்றார்கள்.

அசெகென்யே மறுபடி அடுப்பு மூட்டினாள். எஜோக்கிடம் அவள் அதிகம் பேசுவதில்லை. கிழங்கு மட்டும் முன்போலவே இலையில் வைத்துத் தருவாள். மதியம் ஒரு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தால் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு, சாலைக்குப் போய் அந்தக் கோட்டின்மேல் நிற்பாள். கோடு அழிந்தால் எஜோக்கு திரும்பப் போட்டு வைப்பார்.

மணிச் சத்தம் கேட்டதும் அவரும் சாவியைக் கீழே வைத்துவிடுவார். வளைவுக்கு அப்பால் வண்டி வருகிற சத்தத்தை உற்றுக் கேட்பார். வேகம் அவருக்குக் காதிலேயே தெரியும். நாற்பத்தைந்து. முன் பிரேக் இல்லாத வண்டி. அவள் கையைக் குறுக்கே நீட்டியபடி நிற்பாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள்.